கண்ணைத் திறந்துகிட்டுப் பண்ண ஜெபம்

நான் சொல்லப்போற சாட்சி ஒரு பாத்ரூம்ல நடந்தது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. பெரிய பெரிய வியாதி குணமானதையும், வருஷக்கணக்கா இல்லாத குழந்தை பிறந்ததையும் இதே இடத்துல நின்னு சொல்லியிருக்காங்க. நானும் கேட்டு அழுதிருக்கேன். அந்த வரிசையில வந்து நின்னு பாத்ரூமைப் பத்திப் பேச எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. ஆனா ஆண்டவர் எங்களுக்கு உதவி பண்ண இடம் அதுதான். வேற எதையாவது சொன்னா பொய்யாப் போயிடும்.

என் பேரு ஸ்டெல்லா. பிரேசர் டவுன்ல கீழ் வீட்டுல வாடகைக்கு இருக்கோம். நர்சரி ஸ்கூல் டீச்சரா இருந்தவ, அதனால மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்கும் கேக்கும். எங்க வீட்டுக்காரர் ஞானராஜை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். ஆள் கேஜிஎஃப்ல பிறந்தவர். அவங்க அப்பா தங்கச் சுரங்கத்துல வேலை செஞ்சவர். இவர் பெங்களூர்ல ஃபேக்டரி வேலைக்கு வந்து, ரிட்டயர் ஆகி, அதுக்கப்புறமும் சைக்கிள்லதான் கோயிலுக்கு வந்துட்டு இருந்தாரு. கையைப் பிடிச்சு ரோடு கிராஸ் பண்ணி விட்டா உதறிடுவாரு. அப்படி ஒரு ரோஷம்.

போன வருஷம் ஆடி மழை விடாம பெய்ஞ்சதே, அந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில நான் சமையல்கட்டுல சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சுட்டு இருக்கேன், பாத்ரூம்ல இருந்து ஒரு சத்தம். வாளி விழுந்த சத்தம்னு நினைச்சேன். "என்னங்க"ன்னு கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கு. நான் கதவைத் தட்டறேன், இடிக்கறேன், அவர் முனகறது மட்டும் கேக்குது. மேல் வீட்டு ஓனரம்மா பையன் வந்து கதவை உடைச்சாரு. உள்ளே எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கமா மடங்கிக் கிடந்தாரு. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணி கம்பி வெச்சாங்க. நீங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபிச்சீங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வீட்டுக்கு வந்தோம், ஸ்தோத்திரம் சொன்னோம். எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நினைச்சேன். நிஜமான கஷ்டம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

வாக்கர் பிடிச்சு நடக்கச் சொன்னாங்க. நடந்தாரு. ஒருநாள் காலையில நான் கூடவே பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க பாத்ரூம் ஒரு படி இறங்கித்தான் போகணும். இறங்கின கால் வழுக்கிடுச்சு. சுவர்ல இருந்த டவல் கம்பியை எட்டிப் பிடிச்சுட்டாரு, நான் இந்தப் பக்கம் அவர் பனியனைப் பிடிச்சுட்டேன். விழலை. ஆனா ரெண்டு பேரும் அப்படியே பிடிச்சுட்டு நின்னோம். எவ்வளவு நேரம்னு தெரியலை. அவர் நெஞ்சு அடிச்சுக்கறது என் கைக்குத் தெரிஞ்சுது.

அன்னையில இருந்து மனுஷன் கட்டிலை விட்டு இறங்கலை.

குளியல் கிடையாது, ஈரத்துணியில துடைக்கறதுதான். மத்ததுக்கெல்லாம் பாட்டில், பேசின். நான் பண்ணும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்க வந்த பொண்ணை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க, பாவம், அது பையைக்கூடக் கீழே வைக்காம திரும்பிப் போயிடுச்சு. நான் கெஞ்சினேன். என்கிட்ட சொன்னாரு, "சுரங்கத்துல இறங்கினவன் புள்ளை நான். ஒரு படி இறங்க பயப்படறேன், ஸ்டெல்லா." அந்த மனுஷன் வாயில இருந்து பயம்ங்கற வார்த்தையை அன்னைக்குத்தான் கேட்டேன். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவைகூட சொன்னதில்லை.

செக்கப்புக்குத் தூக்கிட்டுப் போனப்ப டாக்டர் வேற கறாராச் சொல்லிட்டாரு. இப்படியே படுத்திருந்தா கால்ல இருக்கிற பலமும் போயிடும், அப்புறம் எழுப்ப முடியாது. அவசரப்பட்டு நடந்து இன்னொரு தடவை விழுந்தாலும் அதே கதிதான். நடந்தா விழுவாரு, நடக்கலைன்னா எழவே மாட்டாரு. இந்த ரெண்டுக்கும் நடுவுல நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். நிஜமாச் சொல்றேன், சண்டைதான். எத்தனை வீட்டுக்குப் போய், கர்த்தர் காலைக் காப்பார்னு ஆறுதல் சொல்லியிருக்கேன், எங்க வீட்டுக் கால் உமக்குத் தெரியலையான்னு கேட்டேன். இவரை நடக்க வையும், விழாம வையும், இதைத் தவிர எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு தினமும் அழுதேன். பதிலே வரலை.

இதுல பாஸ்டர் ஒருநாள் திருவிருந்து எடுத்துட்டு வீட்டுக்கு வந்தாரு. கோயிலுக்கு வர முடியாத வியாதிக்காரங்களுக்கு வீடு தேடி வந்து குடுக்கறது வழக்கம்தானே. வெள்ளைத்துணி விரிச்சு, அப்பமும் திராட்சை ரசமும் வெச்சு, எல்லாம் தயாரா இருக்கு. எங்க வீட்டுக்காரர் வாங்கலை. கோவமா இல்லை, மெதுவாத்தான் சொன்னாரு. "மன்னிச்சுக்கங்க பாஸ்டர். இது படுத்துட்டவங்களுக்குக் குடுக்கறது. நான் நடந்து வந்து பீடத்துல வாங்கிக்கறேன். இல்லைன்னா வேண்டாம்." பாஸ்டர் கட்டாயப்படுத்தலை. துணியை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் போய் சமையல்கட்டுல நின்னு வாயை முந்தானையால பொத்திக்கிட்டு அழுதேன். மனுஷன் நடக்கவும் மாட்டேங்கறாரு, நடந்துதான் வாங்குவேன்னும் சொல்றாரு.

அப்புறம் அறுப்பின் பண்டிகை முடிஞ்ச வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டு ஜெபக்கூட்டம் எங்க வீட்டுல. பாஸ்டர் வந்தாரு. ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆன நம்ம கிருபா அக்கா வந்தாங்க. மினி வேன் ஓட்டற தாமஸ் தம்பி வந்தாரு. இன்னும் அக்கம்பக்கத்துக்காரங்க சில பேர். பாட்டு, வேதவாசிப்பு எல்லாம் முடிஞ்சு, வழக்கம்போல பாஸ்டர் ஒவ்வொரு ரூமா போய் சுவர் மேல கையை வெச்சு ஜெபிச்சாரு. ஹால், பெட்ரூம், சமையல்கட்டு.

உங்க எல்லாருக்கும் தெரியும், பாஸ்டர் வர்றாருன்னா நாம முதல்ல என்ன பண்ணுவோம்? பாத்ரூம் கதவைச் சாத்துவோம். நானும் அப்படித்தான் சாத்தி, முன்னாடி கர்ட்டனும் இழுத்து விட்டிருந்தேன். புது வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போனாலும் அப்படித்தானே? பூச்சாடி வெச்ச மேஜைக்கு ஜெபம் உண்டு, ஃப்ரிட்ஜுக்குக்கூட ஜெபம் உண்டு, அந்த ஒரு கதவைத் தாண்டி எல்லாரும் குனிஞ்ச தலையோட போயிடுவோம்.

அன்னைக்கும் பாஸ்டர் அந்தக் கர்ட்டனைத் தாண்டிப் போறாரு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ தெரியலை.

"பாஸ்டர், என் புருஷன் ஹால்ல விழலை. இங்கே விழுந்தாரு. இங்கே ஜெபம் பண்ணுங்க."

ஹால்ல இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. பாஸ்டர் திரும்பி அந்தக் கர்ட்டனைப் பார்த்தாரு. அப்புறம், "சரிம்மா, வாங்க"ன்னாரு. நான் கர்ட்டனை ஒதுக்கிக் கதவைத் திறந்தேன். அவர் வெறுங்காலோட படி இறங்கி உள்ளே போனாரு. நாங்க வாசல்ல நெருக்கி அடிச்சுட்டு நின்னோம். எல்லாரும் கண்ணை மூடினோம். "எங்கள் பரம பிதாவே"ன்னு ஆரம்பிச்சு ஒரு அடி முன்னாடி வெச்சாரு பாருங்க, சர்ர்னு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தா பாஸ்டர் ஒத்தைக் கால்ல நிக்கறாரு, தாமஸ் தம்பி பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடிச்சிருக்காரு, பாஸ்டர் கையில டவல் கம்பி. சுவர்ல இருந்து ஆணியோட பிடுங்கிட்டு வந்திருக்கு.

யாரோ ஒருத்தங்க களுக்குன்னு சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா அந்தக் கம்பியைத்தான் நான் தினமும் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். வாங்க, அந்தக் கம்பியைப் பிடிச்சுட்டு மெதுவா இறங்கலாம், நான் இருக்கேன்னு கெஞ்சிட்டு இருந்தேன். அவர் பயந்துட்டு வராம இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு. என் பேச்சைக் கேட்டு வந்திருந்தா அது அவர் கையில பிடுங்கிட்டு வந்திருக்கும்.

பாஸ்டர் அந்தக் கம்பியையே பார்த்துட்டு நின்னாரு. அப்புறம் சொன்னாரு, "ஸ்டெல்லாம்மா, இது கண்ணை மூடிட்டுப் பண்ற ஜெபம் இல்லை. எல்லாரும் கண்ணைத் திறங்க. பார்த்து, பார்த்ததை ஆண்டவர்கிட்ட சொல்லுங்க."

அப்படி ஒரு ஜெபத்தை நான் பிறந்ததுல இருந்து பண்ணதில்லை. பாஸ்டரே ஆரம்பிச்சாரு. "ஆண்டவரே, இந்தப் படியைப் பாரும். மேலேயும் கீழேயும் ஒரே கலர் டைல்ஸ், படி இருக்கறதே கண்ணுக்குத் தெரியலை." நாங்க ஆமென் சொன்னோம். கிருபா அக்கா குனிஞ்சு பாத்ரூம் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாங்க. நாமதான் பழைய செருப்பை வெளியே போட்டுட்டுப் போக முடியாத அளவுக்குத் தேய்ஞ்ச பிறகு, தூக்கிப் போட மனசு வராம, பாத்ரூமுக்குன்னு வெச்சிடுவோமே. அடிப்பக்கம் அப்பளம் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. "கர்த்தாவே, வீட்டுலயே அதிகமா வழுக்கற இடத்துக்கு, அதிகமாத் தேய்ஞ்ச செருப்பை வெச்சிருக்கோம். எங்க வீட்டுலயும் இதே கதிதான், மன்னியும்." எல்லாரும் கொஞ்சம் சத்தமாவே ஆமென் சொன்னாங்க, அவங்கவங்க வீட்டுச் செருப்பு ஞாபகம் வந்திருக்கும். தாமஸ் தம்பி தரையைத் தடவிப் பார்த்துட்டு, தண்ணி ஓடாம மூலையில நிக்குது ஆண்டவரே, பாசி பிடிச்சிருக்குன்னு சொன்னாரு. பல்பு மங்கல். உடைஞ்சதுக்குப் பதிலா மாட்டின புதுத் தாழ்ப்பாளும் உள்ளே மட்டும் இருக்கு, வெளியே இருந்து திறக்க வழியில்லை. ஒவ்வொண்ணுக்கும் ஆமென்.

அப்பதான் பெட்ரூம்ல இருந்து குரல் வந்துச்சு.

"சோப்பு டப்பா ஜன்னல் மேல இருக்கு. குளிக்கும்போது அதை எடுக்க எக்கினேன். அப்பதான் விழுந்தேன். அதையும் சொல்லுங்க."

எங்க வீட்டுக்காரர். எப்படி விழுந்தீங்கன்னு டாக்டர் கேட்டாரு, நான் கேட்டேன், எங்க பொண்ணு போன் போட்டுக் கேட்டா. யார்கிட்டயும் வாயைத் திறக்காதவர், கட்டில்ல படுத்துட்டே எங்க ஜெபத்துல சேர்ந்துட்டாரு. பாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே, "ஆண்டவரே, அந்த சோப்பு டப்பாவையும் பாரும்"னாரு. நான் ஆமென் சொல்லலை. சொல்ல முடியலை, தேம்பித் தேம்பி அழுதுட்டு இருந்தேன். எனக்குப் பதில் வந்துடுச்சுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு.

சனிக்கிழமை வந்து எல்லாத்தையும் செஞ்சு குடுக்கறோம்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரே ஒரு தடை. மேல் வீட்டுல இருக்கிற ஓனரம்மா சாவித்ரம்மா நல்லவங்கதான், ஆனா டைல்ஸ்ல ஓட்டை போட விடவே மாட்டாங்க. ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிச்சதுக்கு ஒருதடவை ஒரு வாரம் பேசலை. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜெபம் பண்ணிட்டே போனேன். எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல நடந்ததைச் சொன்னேன், பாஸ்டர் கையோட கம்பி வந்ததையும் சொன்னேன். அவங்க கேட்டுட்டே இருந்து, "ஹாக்கொள்ளிம்மா. ஜீவக்கிந்த டைல்ஸ் ஹெச்சா?"ன்னாங்க. போட்டுக்கங்கம்மா, உயிரை விட டைல்ஸ் பெருசான்னு. அன்னைக்குக் கதவை உடைச்சது அவங்க பையன்தானே. எங்க வீட்டுக்காரரை எந்தக் கோலத்துல தூக்கிட்டுப் போனோம்னு அந்தம்மாவும் மேலே இருந்து பார்த்துட்டுத்தான் இருந்திருக்காங்க.

சனிக்கிழமை தாமஸ் தம்பி டிரில் மெஷினோட வந்தாரு. ஸ்டீல் கைப்பிடியை டவல் கம்பி இருந்த இடத்துலயே மாட்டிடுவாருன்னு பார்த்தா, இல்லை. நேரா பெட்ரூமுக்குப் போய், "அண்ணே, நீங்க வந்தாத்தான் வேலை நடக்கும். உங்க கை எங்கே போகுதோ அங்கேதான் ஓட்டை போடணும்"னாரு. எங்க வீட்டுக்காரர் முறைச்சாரு. தம்பி அசையலை. ஃபேக்டரியில இருந்த மனுஷனாச்சே, வேலை தப்பாப் போகுதுன்னா பொறுக்காது. ரெண்டு பேரா தாங்கிக் கூட்டிட்டு வந்தோம். காலுக்கு ரப்பர் வெச்ச ஸ்டூல்ல உட்கார வெச்சாங்க. எழுந்திருக்கற மாதிரி கையை நீட்டச் சொன்னாங்க. நீட்டினாரு. விரல் பட்ட இடத்துல தம்பி பென்சில்ல ஒரு கோடு போட்டாரு. படி இறங்கற இடத்துக்கு ஒண்ணு, கம்மோடு பக்கத்துல ஒண்ணு, எல்லாமே அவர் கை காட்டின இடம். போகப் போக அவரே அதட்ட ஆரம்பிச்சுட்டாரு. "இன்னாப்பா லெவல் பார்க்காம அடிக்கிற"ன்னு. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துச்சு.

படி ஓரத்துல மஞ்சள் பெயிண்ட் அடிச்சாங்க. பாசியைத் தேய்ச்சு எடுத்தாங்க. சோப்பு டப்பா ஸ்டூல்ல உட்கார்ந்தா கைக்கு எட்டற உயரத்துக்கு இறங்கி வந்துச்சு. தாழ்ப்பாளைக் கழட்டிட்டு, ஆள் உள்ளே இருக்காங்கன்னு தெரிய வெளியே ஒரு துணி தொங்க விடற ஏற்பாடு. கிருபா அக்கா வீடு முழுக்க ஒரு சுத்து சுத்தி, ஹால்ல மடங்கிக் கிடந்த கால் மிதியை எடுத்தாங்க, நடக்கற வழியில ஓடின மிக்சி வயரை எடுத்தாங்க, செருப்பைக் குப்பையில போட்டாங்க. சாவித்ரம்மா கீழே இறங்கி வந்து, கைப்பிடியைப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பார்த்துட்டு, தாமஸ் தம்பி நம்பரை வாங்கிட்டுப் போனாங்க. இப்ப மேல் வீட்டு டைல்ஸ்லயும் ஓட்டை.

திங்கட்கிழமை காலையில அவரே சொன்னாரு, குளிக்கறேன்னு. நான் கூட வர்றேன்னேன். வெளியே நில்லுன்னாரு. நின்னேன். கை ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, கதவையே பார்த்துட்டு நின்னேன். தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல பாட்டு கேட்டுச்சு. அவருக்கு ஸ்ருதியும் சேராது, தாளமும் சேராது, க்வையர்ல இருந்து அந்தக் காலத்துலயே வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. எனக்கு அதைவிட நல்ல பாட்டு உலகத்துலயே கிடையாது.

பயம் போனதும் மனுஷன் எழுந்துட்டாரு. எக்சர்சைஸ் பொண்ணை அவரே போன் போட்டு வரச் சொன்னாரு, சாரியும் சொன்னாரு. வாக்கர்ல ஹால் வரைக்கும், அப்புறம் கேட் வரைக்கும், கிறிஸ்துமஸுக்கு முனை பேக்கரி வரைக்கும். அதுக்கப்புறம் கைத்தடி. தவக்காலம் ஆரம்பிச்சப்ப, வர்ற திருவிருந்து ஞாயிறுக்கு நான் கோயிலுக்கு வர்றேன்னு சொல்லிட்டாரு.

அந்த ஞாயிறு உங்கள்ல பாதிப் பேர் இங்கே இருந்தீங்க. அவர் வரிசையில நின்னு, தடியை ஊனிக்கிட்டு பீடத்துக்கு நடந்தாரு. பீடத்துப் படிக்கு முன்னாடி வந்ததும் நின்னுட்டாரு. பாஸ்டர் பார்த்துட்டு, அப்பத்தை எடுத்துக்கிட்டுக் கீழே இறங்கப் போனாரு. இவர் தலையை ஆட்டினாரு, வேண்டாம்னு. பக்கத்துல எல்லாரும் கண்ணை மூடி ஜெபிச்சுட்டு இருந்தாங்க. நான் மூடலை. இவர் காலையே பார்த்துட்டு, ஆண்டவரே இந்தப் படியைப் பாரும், இந்தப் படியைப் பாரும்னு சொல்லிட்டே இருந்தேன். இவர் தடியால படியை ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தாரு. விரிப்பை ஒரு ஓரமா அழுத்தினாரு. பக்கத்து மரக் கம்பியைப் பிடிச்சாரு. ஏறிட்டாரு. முட்டி போட முடியாதுன்னு நின்னுட்டே ரெண்டு கையையும் நீட்டினாரு. பாஸ்டர் குடுக்க, அவர் பீடத்துல வாங்கினதை நான் என் இடத்துல இருந்தே பார்த்தேன்.

திரும்பி வந்து என் பக்கத்துல உட்கார்ந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. என்னவோ பெருசா சொல்லப் போறாருன்னு நான் காதைக் கிட்ட கொண்டு போனேன்.

"அந்தப் படியில விரிப்பு ஓரம் தூக்கிட்டு இருக்கு. ஆணி அடிக்கச் சொல்லு, யாராவது விழப்போறாங்க."

அடிச்சாச்சு, பாருங்க. அடிக்க வெச்சவர் அவரேதான், தாமஸ் தம்பி சுத்தியல் பிடிச்சாரு, இவர் லெவல் பார்த்தாரு.

அன்பானவங்களே, ஆண்டவர் தூதர்களை அனுப்பி எங்க வீட்டுக்காரரைத் தாங்கலை. கிருபா அக்காவை அனுப்பினாரு, தாமஸ் தம்பியை அனுப்பினாரு, பாஸ்டரைக் கொஞ்சம் வழுக்க வெச்சாரு, பாஸ்டர் மன்னிக்கணும். எனக்கு அது போதும். இப்பல்லாம் எந்த வீட்டுல ஜெபக்கூட்டம்னாலும் எங்க வீட்டுக்காரர் டார்ச் எடுத்துட்டு வந்துடறாரு, முதல்ல அந்தக் கதவைத் தட்டறாரு. வியாழக்கிழமை உங்க வீட்டுக்கும் வருவோம். கூச்சப்பட்டுக் கதவைச் சாத்தி வெக்காதீங்க. உங்க வீட்டுல எந்த இடத்துல உங்களுக்கு பயமோ, அந்த இடத்துல போய் நில்லுங்க, அங்கே ஆண்டவரைக் கூப்பிடுங்க. கண்டிப்பா வருவாரு. அவர் வரும்போது கண்ணை மட்டும் திறந்து வைங்க.